பிரேக் லைட் எரியவில்லையா, அணையவில்லையா? அறிகுறியைப் பார்த்துக் கோளாறைப் பிடிக்கும் வழி

பிரேக் லைட் எரியவில்லை என்று காரைக் கொண்டுவருகிறவர்களில் பலர் கையில் ஒரு புது பிரேக் லைட் சுவிட்சையும் வாங்கிக்கொண்டு வருகிறார்கள். "இதை மட்டும் மாட்டிக் குடுங்க அண்ணாச்சி, மத்ததெல்லாம் சரியா இருக்கு" என்பார்கள். தூத்துக்குடியில் 18 வருடமாக வண்டி வயரிங் வேலை பார்க்கிறேன். மாட்டிக் கொடுத்த பிறகும் லைட் எரியாமல் அவர்கள் முகம் வாடுவதை நிறையப் பார்த்துவிட்டேன். அதனால் இப்போதெல்லாம் சுவிட்சை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, முதலில் டெஸ்ட் லேம்பைத்தான் எடுக்கிறேன். கிளிப்பை இரும்பில் மாட்டி, கூர்முனையை வயரில் வைத்தால், கரண்ட் இருக்கும்போது எரியும் சின்ன விளக்கு அது.

இந்தச் சர்க்யூட் போகும் பாதை சின்னது. பேட்டரி, ஃபியூஸ், பிரேக் பெடலுக்கு மேலே இருக்கும் சுவிட்ச், அங்கிருந்து பின்பக்க பல்ப், பல்பிலிருந்து பாடி எர்த், அதாவது கரண்ட் பேட்டரிக்குத் திரும்பிப் போகும் வண்டியின் இரும்பு உடம்பு. சுவிட்ச் சரியாக நடுவில் உட்கார்ந்திருக்கிறது. அதில் இரண்டு இடத்தில் கரண்ட் பார்த்தால் கோளாறு முன்பாதியிலா, பின்பாதியிலா, சுவிட்சிலேயா என்று தெரிந்துவிடும். கீழே உள்ள பெரும்பாலான சோதனைகள் இந்த ஒன்றைச் சுற்றித்தான்.

ஓட்டுகிறவர் தன் பிரேக் லைட்டைத் தானே பார்ப்பதில்லை. குழந்தையை முன்னால் உட்கார வைத்துக்கொண்டு உங்களுக்குப் பின்னால் பைக்கில் வருகிறவருக்குத்தான் அது தேவை. அதனால் இந்த வேலையைத் தள்ளிப்போடாதீர்கள்.

## கையில் இருக்க வேண்டியவை

12 வோல்ட் டெஸ்ட் லேம்ப், சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர், டார்ச், ஒரு புது பல்ப், இரண்டு மூன்று ஃபியூஸ், ஒரு துண்டு உப்புத்தாள். டெஸ்ட் லேம்பை முதலில் பேட்டரியின் இரண்டு முனையிலும் வைத்து அது எரிகிறதா என்று பாருங்கள். டெஸ்ட் லேம்ப் பல்பே போயிருந்து, அது தெரியாமல் அரைநாள் டேஷ்போர்டைப் பிரித்தவர்கள் உண்டு. கிளிப்பைப் பெயின்ட் இல்லாத இரும்பில் மாட்டுங்கள்.

சமதரையில் நிறுத்தி ஹேண்ட் பிரேக் போடுங்கள், சக்கரத்துக்குக் கல் வையுங்கள். ஸ்டியரிங் அடியில் மஞ்சள் நிற உறையோ மஞ்சள் கப்ளரோ (வயர்களை இணைக்கும் பிளாஸ்டிக் பிளக்) தெரிந்தால் அது ஏர்பேக்குடையது. அதில் எதையும் குத்தக் கூடாது.

அடுத்து, இரவில் ஒரு சுவரை ஒட்டிப் பின்பக்கத்தைக் காட்டி வண்டியை நிறுத்தி பிரேக் மிதியுங்கள். பல வண்டிகளில் சாவி போடாமலே பிரேக் லைட் எரியும். சிலவற்றில் சாவியை ஆன் செய்ய வேண்டும். இடது, வலது, நடு என்று மூன்றில் எது எரிகிறது, எது எரியவில்லை என்று பார்த்துக்கொண்டு, அதற்கான தலைப்புக்குப் போங்கள்.

## எந்த விளக்கும் எரியவில்லை

ஹாரனை ஒரு தட்டு தட்டுங்கள். சில வண்டிகளில் ஹாரனுக்கும் பிரேக் லைட்டுக்கும் ஒரே ஃபியூஸ். உங்கள் வண்டி அப்படிப்பட்டது என்றால், ஹாரனும் ஊமையாக இருக்கும்போது ஃபியூஸ்தான் முதல் சந்தேகம்.

ஃபியூஸ். பெட்டியின் மூடியில் 'ஸ்டாப்' என்றோ பிரேக் லைட் படமோ இருக்கும். பெரும்பாலும் 10 அல்லது 15 ஆம்பியர். கழற்றிப் பார்த்தால் முழுசாகத் தெரியும், ஆனால் உள்ளே மயிரிழை விரிசல் இருக்கலாம். அதனால் கண்ணை நம்பாமல், மாட்டியபடியே வைத்து ஃபியூஸின் தலையில் உள்ள இரண்டு சின்ன ஓட்டையிலும் டெஸ்ட் லேம்ப் முனையை வையுங்கள். இரண்டிலும் எரிந்தால் நல்லது. ஒன்றில் மட்டும் எரிந்தால் ஃபியூஸ் போய்விட்டது. அதே ஆம்பியரில் புதியது போடுங்கள். உடனே அதுவும் போனால் கீழே 'ஃபியூஸ் திரும்பத் திரும்பப் போகிறது' பகுதிக்குப் போங்கள். 30 ஆம்பியர் போட்டுப் பார்க்கலாம் என்றோ, சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றி வைக்கலாம் என்றோ நினைக்கவே வேண்டாம். அப்படி வைத்த ஒரு வண்டியில், டேஷ்போர்டுக்கு அடியில் இருந்த வயர்க்கற்றை முழுவதும் உருகி ஒரே கயிறாக ஒட்டிப்போயிருந்ததை என் கையால் வெட்டி எடுத்திருக்கிறேன்.

பல்புகள். நடுவில் மூன்றாவது விளக்கு இல்லாத பழைய வண்டி என்றால், இரண்டு பல்பும் போயிருக்க வாய்ப்பு அதிகம். ஒன்று போய் ஆறு மாதம் ஆகியிருக்கும், யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். இரண்டாவதும் போன அன்றுதான் பின்னால் வந்தவர் சொல்லியிருப்பார். கழற்றிக் காதருகே வைத்து மெல்ல ஆட்டுங்கள். ஃபிலமென்ட் அறுந்திருந்தால் பெரும்பாலும் 'கிணுகிணு' என்று கேட்கும்.

சுவிட்ச். இனிதான் தலையைக் கீழே விட வேண்டும். ஓட்டுநர் கதவைத் திறந்து, படியில் முதுகைச் சாய்த்து, டார்ச்சை மேலே அடித்தால் பெடல் கம்பியின் மேல்முனையில் விரல் பருமனில் ஒரு சுவிட்ச் தெரியும். கையால் பெடலை அழுத்துங்கள். சுவிட்சின் முனையில் உள்ள 'பின்' (சின்ன முளை) வெளியே வர வேண்டும், விட்டால் உள்ளே போக வேண்டும். பின் அசையாமல் உள்ளேயே ஒட்டிக்கிடந்தால் அதுவே விடை.

பின் அசைகிறது என்றால், கப்ளரைக் கழற்றாமல் வயர் நுழையும் பின்பக்கமாக டெஸ்ட் லேம்ப் முனையைச் செருகி இரண்டு வயரையும் பாருங்கள்.

- பெடலை அழுத்தினாலும் அழுத்தாவிட்டாலும் இரண்டு வயரிலும் லேம்ப் எரியவில்லை: சுவிட்ச் வரை கரண்டே வரவில்லை. கோளாறு ஃபியூஸுக்கும் சுவிட்சுக்கும் நடுவில்.
- ஒரு வயரில் எரிகிறது, பெடலை அழுத்தியும் மற்றதில் எரியவில்லை: சுவிட்ச் கெட்டுவிட்டது.
- ஒன்றில் எப்போதும் எரிகிறது, அழுத்தியதும் மற்றதிலும் பளிச்சென்று எரிகிறது: சுவிட்ச் நன்றாக இருக்கிறது. வாங்கி வைத்த புது சுவிட்சைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு பின்பக்கம் போங்கள்.
- பெடலைத் தொடாமலே இரண்டிலும் எரிகிறது, ஆனால் பின்னால் விளக்கு இல்லை: இரண்டு கோளாறு சேர்ந்திருக்கிறது. சுவிட்ச் பக்கத்துக்கு 'அணையவே மாட்டேன் என்கிறது' பகுதியைப் பாருங்கள், அப்புறம் பின்பாதியைத் தேடுங்கள்.

இரண்டு வயர் மட்டும் உள்ள சுவிட்சாக இருந்தால் இன்னொரு உறுதிச் சோதனை உண்டு. கப்ளரைக் கழற்றி, அதன் இரண்டு துளையையும் ஒரு சின்ன வயர்த்துண்டால் இணையுங்கள். பின்னால் விளக்கு எரிந்தால் சுவிட்ச்தான் குற்றவாளி. நான்கு வயர் உள்ளதில் எது எதோடு ஜோடி என்று தெரியாமல் இதைச் செய்யாதீர்கள். கம்ப்யூட்டருக்குப் போகும் வயரில் தவறாகக் கரண்ட் போனால் செலவு பல மடங்காகிவிடும்.

சுவிட்ச் தாண்டி பின்பக்கம். ஒருவரைப் பிரேக் மிதிக்கச் சொல்லிவிட்டு, பல்பைக் கழற்றிய ஹோல்டரின் அடித்தொடுமுனையில் டெஸ்ட் லேம்பை வையுங்கள். எரிந்தால் கரண்ட் வருகிறது, அந்தப் பக்கத்து எர்த்தைத் தேட வேண்டும். எரியாவிட்டால் நடுவில் எங்கேயோ வயர் அறுந்திருக்கிறது. முதலில் பார்க்க வேண்டியது ஓட்டுநர் பக்கக் கதவுப்படியின் பிளாஸ்டிக் பட்டைக்கு அடியில். சீட் கவர், மேட் வேலை செய்யும்போது அடித்த ஸ்குரூ வயரில் ஏறியிருக்கும். அடுத்தது பின் சீட்டுக்கு அடியில். அங்கே எலிப்புழுக்கை கிடந்தால் மேலே தேடவே வேண்டாம், அதே இடத்தில் வயரை ஒவ்வொன்றாகத் தடவிப் பாருங்கள்.

எப்போது எலக்ட்ரீஷியனிடம் போவது: கோளாறு ஃபியூஸுக்கும் சுவிட்சுக்கும் நடுவில் என்று தெரிந்தால் டேஷ்போர்டைப் பிரிக்க வேண்டியிருக்கும். அதை வீட்டு வாசலில் செய்ய வேண்டாம். புது வண்டிகள் பலவற்றில் சுவிட்சுக்கும் விளக்குக்கும் நடுவில் ஒரு கம்ப்யூட்டர் பெட்டி உட்கார்ந்திருக்கிறது. அவற்றில் பல்ப், ஃபியூஸ் இரண்டும் சரி என்றால் வண்டிக் கம்ப்யூட்டரில் பதிவான கோளாறைப் படிக்கும் ஸ்கேனர் வைத்திருப்பவரிடம் போவதுதான் மலிவு.

## அணையவே மாட்டேன் என்கிறது

என் கடைக்கு அதிகமாக வருவது இதுதான். பெரும்பாலும் "பேட்டரி நிற்கவில்லை" என்ற புகாராக வருகிறது.

போன வருடம் ஒரு டாக்ஸி ஓட்டும் தம்பி வந்தார். "அண்ணாச்சி, நேத்துதான் புது பேட்டரி போட்டேன். இன்னைக்குக் காலைல செல்ஃபே எடுக்க மாட்டேங்குது." பானெட்டைத் திறக்காமல் நான் ஓட்டுநர் கதவைத் திறந்தேன். கால்மிதி மேட்டில், பெடலுக்கு நேர் கீழே, உடைந்த பிஸ்கட் போல மங்கிய நீல நிறத்தில் நாலைந்து துணுக்கு கிடந்தது. எடுத்து விரலில் நசுக்கினால் மாவாகிவிட்டது. பெடல் கம்பியில் ஒரு ஓட்டை இருக்கும். அதில் ஒரு சின்ன பிளாஸ்டிக் அல்லது ரப்பர் ஸ்டாப்பர் பொத்தான் போல உட்கார்ந்திருக்கும். சுவிட்சின் பின் அதன் மேல்தான் முட்டி நிற்கிறது. வருடக்கணக்கில் வெயிலில் வெந்து அது உதிர்ந்துவிட்டால், பின் அந்த ஓட்டைக்குள்ளேயே புகுந்துவிடும். காலை எடுத்த பிறகும் சுவிட்ச், பெடல் மிதிபட்டிருப்பதாகவே நினைத்துக்கொண்டிருக்கும்.

ஒவ்வொரு பல்பும் 21 வாட். இரண்டு சேர்ந்தால் 42 வாட், கிட்டத்தட்ட மூன்றரை ஆம்பியர். சின்ன காரின் 35 ஆம்பியர்-மணி பேட்டரி 10 மணி நேரத்தில் காலியாகிவிடும். இரவு வீட்டுக்கு வந்து நிறுத்தி, காலையில் சாவி போடுவதற்குள் கதை முடிந்துவிடுகிறது. அந்தத் தம்பி பேட்டரிக்குக் கொடுத்த பணத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஒரு டீ, வடைச் செலவில் முடிந்திருக்க வேண்டிய வேலை.

இந்த வரிசையில் பாருங்கள்:

ஸ்டாப்பர். மேட்டில் துணுக்கு கிடக்கிறதா, பெடல் கம்பியில் ஓட்டை வெறுமையாகத் தெரிகிறதா? ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் வண்டி மாடலைச் சொல்லி 'பிரேக் பெடல் ஸ்டாப்பர்' என்று கேளுங்கள். சோப்புத் தண்ணீர் தொட்டு, பிளையரால் அழுத்தினால் ஏறிவிடும். கடை பூட்டியிருக்கிற ஞாயிற்றுக்கிழமை என்றால், அந்த ஓட்டைக்குச் சரியாக உட்காரும் சின்ன போல்ட்டும் நட்டும் போட்டு இறுக்கினால் வீடு போய்ச் சேரலாம். போல்ட்டின் தலை சுவிட்ச் பக்கம் இருக்க வேண்டும். இது தற்காலிகம்தான், ஸ்டாப்பர் கிடைத்ததும் மாற்றிவிடுங்கள். கூடவே கிளட்ச் பெடலையும் பாருங்கள். அங்கேயும் இதே மாதிரி ஒன்று இருக்கும் வண்டிகள் உண்டு. இரண்டும் ஒரே வயதானவை, ஒன்று போனால் மற்றதும் வரிசையில் நிற்கிறது என்று அர்த்தம்.

பெடல் முழுதாக மேலே வருகிறதா? காலின் முன்பகுதியை பெடலுக்கு அடியில் கொடுத்து மேலே தூக்குங்கள். அப்போது விளக்கு அணைந்தால் சுவிட்ச் நன்றாக இருக்கிறது, பெடல்தான் திரும்பவில்லை. கூடுதலாகப் போட்ட மேட் இடிக்கிறதா, ஸ்பிரிங் கழன்றிருக்கிறதா, பெடல் திரும்பும் இடத்தில் கிரீஸ் காய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். மூன்றும் இல்லை, ஆனாலும் பெடல் மந்தமாகத்தான் வருகிறது என்றால் அது பிரேக் மெக்கானிக் வேலை. வண்டியை ஓட்டாமல் அவரை வரவழையுங்கள்.

சுவிட்ச் இடம் நகர்ந்திருக்கிறதா? சுவிட்சை இடத்தில் பிடித்து வைத்திருக்கும் லாக் நட் தளர்ந்து சுவிட்ச் பின்வாங்கியிருந்தால் பின் ஸ்டாப்பரைத் தொடாது. சரிசெய்வதைக் கடைசிப் பகுதியில் சொல்கிறேன்.

சுவிட்ச் உள்ளேயே ஒட்டிக்கொண்டதா? கப்ளரைக் கழற்றுங்கள். விளக்கு அணைந்தால் சுவிட்சை மாற்றுங்கள். கப்ளரைக் கழற்றியும் எரிந்துகொண்டே இருந்தால் சுவிட்சுக்குப் பின்னால் எங்கோ வேறொரு கரண்ட் வயர் இதோடு உரசுகிறது, அல்லது தவறான பல்ப் மாட்டியிருக்கிறது. பார்க் லைட்டை (இரவில் பின்னால் மங்கலாக எரியும் சிவப்பு விளக்கு) அணைத்துப் பாருங்கள். அப்போது பிரேக் லைட்டும் அணைந்தால் பல்ப், ஹோல்டர் பக்கம் போங்கள்.

சாதாரண பல்பைக் கழற்றி எல்இடி போட்ட பிறகு, காலை எடுத்தும் மின்மினிப் பூச்சி மாதிரி மங்கலாக எரிந்துகொண்டிருந்தால் அது சுவிட்ச் கோளாறாக இருக்காது. சில வண்டிகளில் பல்ப் இருக்கிறதா என்று கம்ப்யூட்டர் சோதிக்க அனுப்பும் துளி கரண்டே எல்இடிக்குப் போதும். பழைய பல்பைப் போட்டால் போய்விடும்.

## ஒரு பக்கம் மட்டும் எரியவில்லை

ஒரு பக்கம் எரிகிறது என்றாலே ஃபியூஸும் சுவிட்சும் தேறிவிட்டன. பெடல் பக்கமே போக வேண்டாம்.

எரியாத பக்கத்து பல்பை எரிகிற பக்கம் மாற்றிப் போட்டுப் பாருங்கள். அங்கேயும் எரியவில்லை என்றால் பல்ப் போய்விட்டது. பார்க் லைட்டும் பிரேக் லைட்டும் ஒரே பல்பில் இருந்தால் அது 12 வோல்ட், 21/5 வாட் டபுள் ஃபிலமென்ட். 5 வாட் பார்க் லைட்டுக்கு, 21 வாட் பிரேக்குக்கு. இதில் பக்கவாட்டு முளைகள் இரண்டும் வேறு வேறு உயரத்தில் இருக்கும், ஒரு பக்கமாகத்தான் ஏறும். சிங்கிள் ஃபிலமென்ட் பல்பை அந்த ஹோல்டரில் வலுக்கட்டாயமாகத் திருகினால், அடியிலுள்ள ஒரே முனை இரண்டு தொடுமுனையையும் சேர்த்துவிடும். பிரேக் மிதிக்கும்போதெல்லாம் மீட்டர் வெளிச்சமும் பார்க் லைட்டும் எரிந்தால் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்.

பல்ப் நல்லது என்றால் ஹோல்டர். உள்ளே பச்சையாகக் களிம்பு பிடித்திருக்கும். உப்புத்தாளைச் சுருட்டி விட்டுத் தேய்த்து, அழுந்திப்போன தொடுமுனையை ஒரு சின்ன ஸ்குரூ டிரைவரால் லேசாகத் தூக்கிவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு இது நிறைய வரும். டெயில் லேம்பைச் சுற்றியுள்ள ரப்பர் வெடித்து உள்ளே தண்ணீர் போயிருக்கும். ரப்பரை மாற்றாமல் களிம்பை மட்டும் சுரண்டினால் அடுத்த மழையில் மறுபடி வருவீர்கள். பிளாஸ்டிக் உருகியிருந்தால் ஹோல்டரையே மாற்றுங்கள்.

## நடு விளக்கு மட்டும் எரியவில்லை

டிக்கிக் கதவில் உள்ள விளக்கு என்றால், கதவுக்கும் கூரைக்கும் நடுவே போகும் ரப்பர் குழாயைப் பிதுக்கி உள்ளே பாருங்கள். ஆயிரக்கணக்கான முறை மடங்கி நிமிர்ந்து அங்கேதான் வயர் அறும். டிக்கியை மெல்லத் திறந்து மூடும்போது விளக்கு மினுக்கினால் சந்தேகமே வேண்டாம். அறுந்த இடத்தை முறுக்கி டேப் சுற்றினால் ஒரு மாதம் நிற்கும். கூடுதல் வயர்த்துண்டு வைத்து சால்டர் செய்து ஸ்லீவ் போடுங்கள், அந்த இணைப்பு மடங்கும் இடத்தில் வராமல் இருக்கட்டும். எல்இடி யூனிட்டே போயிருந்தால் முழுதாகத்தான் மாற்ற வேண்டும்.

## மங்கலாக எரிகிறது, அல்லது பிரேக் மிதித்தால் வேறு விளக்கும் எரிகிறது

பிரேக் மிதித்தால் இண்டிகேட்டர் லேசாக எரிகிறது, இண்டிகேட்டர் போட்டால் பிரேக் லைட் அதோடு சேர்ந்து துடிக்கிறது, பார்க் லைட் போட்டதும் பிரேக் லைட் மங்குகிறது. ஒரே பக்கத்தில் இப்படி வந்தால் எர்த். எங்கள் ஊர் உப்புக் காற்றில் இது வண்டிக்கு வண்டி வருகிறது, உப்பளம் பக்கம் ஓடுகிற வண்டிகளில் இன்னும் சீக்கிரம். கரண்ட் தன் வழியில் பாடிக்குப் போக முடியாமல், பக்கத்து பல்பின் வழியாகப் போக வழி தேடுகிறது.

மல்டிமீட்டரை 20 வோல்ட் டிசியில் வைத்து, ஒரு முனையை ஹோல்டரின் எர்த் தொடுமுனையிலும் மற்றதைப் பெயின்ட் சுரண்டிய பாடி இரும்பிலும் வையுங்கள். பல்ப் மாட்டியிருக்க வேண்டும், பிரேக் மிதித்திருக்க வேண்டும். 0.2 வோல்ட்டுக்குள் காட்டினால் எர்த் நல்லது. 1 வோல்ட், 2 வோல்ட் என்று காட்டினால் பிடித்துவிட்டீர்கள். பல்ப் இல்லாமல் பார்த்தால் கெட்ட எர்த்தும் நல்லதாகத்தான் காட்டும். கரண்ட் ஓடினால்தான் அதன் குணம் தெரியும்.

எர்த் வயர் பெரும்பாலும் டெயில் லேம்புக்குப் பக்கத்தில், டிக்கிக்குள் பக்க அட்டைக்குப் பின்னால் ஒரு போல்ட்டில் முடியும். அதைக் கழற்றுங்கள். வயரின் முனை வளையத்தை இரண்டு பக்கமும் உப்புத்தாளால் தேயுங்கள், செம்பு மின்ன வேண்டும். பாடியில் அது உட்காரும் வட்டத்தையும் இரும்பு தெரியும்வரை தேயுங்கள். இறுக்கி, மேலே கொஞ்சம் கிரீஸ் தடவி மூடுங்கள், உப்பு உள்ளே போகாது. போல்ட் துரு பிடித்து உடைந்துவிட்டால், புதிதாகத் துளை போடுவதற்கு முன் பின்பக்கம் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். பெட்ரோல் டேங்க் குழாய் போகும் வண்டிகள் உண்டு.

இரண்டு பக்கமும் சமமாக மங்கினால் எர்த் இரண்டும் ஒன்றாகக் கெட்டிருக்க வாய்ப்பு குறைவு. சுவிட்சின் உள்முனை தேய்ந்து கரண்டைத் தடுக்கிறது. சுவிட்ச் கப்ளரின் இரண்டு வயருக்கும் நடுவே மீட்டரை வைத்துப் பிரேக் மிதியுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் சுவிட்சை மாற்றலாம்.

## ஃபியூஸ் திரும்பத் திரும்பப் போகிறது

பெடலைத் தொடாமலே போகிறது என்றால் ஷார்ட் ஃபியூஸுக்கும் சுவிட்சுக்கும் நடுவில், அல்லது அதே ஃபியூஸில் இருக்கும் ஹாரன் மாதிரி வேறொன்றில். மிதித்த நொடியில் போனால் சுவிட்சுக்குப் பின்னால்.

ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு ஃபியூஸைப் பலி கொடுக்க வேண்டாம். ஒரு பழைய 21 வாட் பல்பில் இரண்டு வயர் சால்டர் செய்து, ஃபியூஸ் இருக்கும் இரண்டு பள்ளத்திலும் அவற்றைச் செருகிவிடுங்கள். ஷார்ட் இருந்தால் இந்த பல்ப் முழு வெளிச்சத்தில் எரியும், வயருக்கு ஆபத்து வராது. இப்போது பின்பக்க பல்புகள் எல்லாவற்றையும் கழற்றி, நடு விளக்கின் கப்ளரையும் பிரித்துவிட்டு, பெடலில் ஒரு கல்லை வையுங்கள். சோதனை பல்ப் அணைந்துவிட்டால் ஷார்ட் ஏதோ ஒரு விளக்கிலோ ஹோல்டரிலோ. ஒவ்வொன்றாகத் திரும்ப மாட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல விளக்கை மாட்டும்போதும் சோதனை பல்ப் கொஞ்சம் எரியும், அது இயல்பு. எதை மாட்டும்போது திடீரென்று பளிச்சென்று முழு வெளிச்சம் வருகிறதோ அதுதான். எல்லாவற்றையும் கழற்றிய பிறகும் எரிந்தால் வயர் எங்கோ பாடியில் உரசுகிறது.

பிறகு வந்து சேர்ந்த வேலைகளைத்தான் நான் முதலில் பிரிப்பேன். ரிவர்ஸ் கேமரா, ஸ்பாய்லர் எல்இடி, மின்னும் பம்பர் விளக்கு. வயரைச் சுரண்டி, முறுக்கி, டேப் சுற்றிய இடம் ஒன்று கண்டிப்பாக இருக்கும். வெயிலில் டேப்பின் பசை உருகி வழிந்துபோய், செம்பு வெளியே தெரிந்துகொண்டிருக்கும்.

எல்லாம் பிரித்தும் ஷார்ட் போகவில்லை என்றால் நிறுத்திக்கொள்ளுங்கள். இதற்கு மேல் ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள்.

## சில நேரம் எரிகிறது, சில நேரம் இல்லை

இது பொறுமையைச் சோதிக்கிற அறிகுறி. கடைக்குக் கொண்டுவரும்போது நன்றாக எரியும். பெடலை மெதுவாக மிதித்தால் எரியாமல், அழுத்தி மிதித்தால் மட்டும் எரிந்தால் சுவிட்ச் தேய்ந்திருக்கிறது அல்லது இடம் தவறியிருக்கிறது. ஒருவரைப் பின்னால் நிற்க வைத்து 30 தடவை மெல்ல மிதியுங்கள், ஒன்று தவறினாலும் மாற்றுங்கள். மேடுபள்ளத்தில் மட்டும் வந்து போனால் லூஸ் கனெக்‌ஷன். பெடலை மிதித்து வைத்துக்கொண்டு சுவிட்ச் கப்ளர், ஃபியூஸ், ஹோல்டர் என்று ஒவ்வொன்றையும் விரலால் ஆட்டுங்கள். கப்ளருக்குள் உள்ள முனை விரிந்து பிடிப்பு விட்டிருந்தால் ஊசியால் லேசாக நெருக்கிவிடலாம்.

## லைட் எரிகிறது, ஆனால் கியர் நகரவில்லை, பட்டனில் ஸ்டார்ட் ஆகவில்லை

ஆட்டோமேட்டிக் வண்டி பார்க்கிங் நிலையிலிருந்து நகர மாட்டேன் என்றாலும், பட்டன் ஸ்டார்ட் வண்டி ஸ்டார்ட் ஆகாவிட்டாலும் பிரேக் சுவிட்சைக் கட்டாயம் பாருங்கள். இந்த வண்டிகளில் சுவிட்சில் நான்கு வயர் வருவது வழக்கம். ஒரு ஜோடி விளக்குக்கு, மற்றொரு ஜோடி கம்ப்யூட்டருக்கு. பல சுவிட்சுகளில் இரண்டும் எதிரெதிராக வேலை செய்யும், பெடலை மிதித்தால் ஒன்று சேரும், மற்றது பிரியும். விளக்கு ஜோடி நன்றாக இருந்து மற்றது மட்டும் கெட்டுவிட்டால், பின்னால் லைட் எரியும், கம்ப்யூட்டருக்கு மட்டும் சேதி போகாது. வேகத்தைத் தானே பிடித்து வைக்கும் க்ரூஸ் கன்ட்ரோல் பிடிக்காமல் போவதும், மீட்டரில் ஏபிஎஸ் அல்லது ஈஎஸ்பி (சக்கரம் பூட்டாமலும் வண்டி சறுக்காமலும் பார்க்கும் அமைப்புகள்) விளக்கு வருவதும் இதனால் இருக்கலாம்.

சுவிட்சைக் கழற்றி, மீட்டரைக் கண்டினியூட்டியில் (இரண்டு முனைக்கும் நடுவே இணைப்பு இருந்தால் 'பீப்' அடிக்கும் நிலை) வைத்து இரண்டு ஜோடியையும் பின்னை அழுத்தி, விட்டுப் பாருங்கள். ஒரு ஜோடி எந்த நிலையிலும் மாறாமல் இருந்தால் சுவிட்சை மாற்றுங்கள். மாறுகிறது, ஆனாலும் வண்டி கேட்கவில்லை என்றால் ஸ்கேனர்தான். வழியில் மாட்டிக்கொண்டால், பல ஆட்டோமேட்டிக் வண்டிகளில் கியர் லீவர் அருகே சின்ன மூடி ஒன்று இருக்கும். அதைத் திறந்து உள்ளே சாவி முனையால் அழுத்தினால் கியர் விடுபடும். பிரேக்கை மிதித்துக்கொண்டே செய்யுங்கள்.

## சுவிட்சை மாற்றும்போது

மரை போட்டு லாக் நட் உள்ளது, கால் திருப்பு திருப்பினால் பூட்டிக்கொள்வது, தானே அளவெடுத்துக்கொள்வது என்று மூன்று ரகம் அதிகம் வரும்.

மரை ரகத்தில் பின் முழுதாக உள்ளே போகும்வரை சுவிட்சை முன்னே கொண்டுவந்து, கொஞ்சம் பின்வாங்குங்கள். மரையின் முனைக்கும் ஸ்டாப்பருக்கும் நடுவே சுமார் 1 மி.மீ. இருந்தால் போதும், கையேட்டில் அளவு போட்டிருந்தால் அதுவே கணக்கு. இங்கே ஒரு தவறு உயிர் விஷயம். லைட் சீக்கிரம் எரியட்டும் என்று சுவிட்சை அதிகமாக முன்னே இறுக்கினால் அது பெடலைக் கொஞ்சம் அழுத்தியே வைத்திருக்கும். பிரேக் முழுதாக விடாமல் உரசிக்கொண்டே ஓடி, சக்கரம் சூடேறிவிடும். மாட்டியபின் விரலால் பெடலைத் தட்டிப் பாருங்கள், பிரேக் பிடிக்கும் முன் சில மி.மீ. சும்மா நகர வேண்டும். ஐந்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டுச் சக்கரத்தருகே கையைக் கொண்டுபோங்கள். அனல் அடித்தால் சுவிட்சைப் பின்வாங்குங்கள்.

தானே அளவெடுக்கும் ரகத்தில் பலவற்றை ஒருமுறைதான் பொருத்த முடியும். சிலவற்றில் பெடலை மிதித்து வைத்து, பின்னை முழுதாக வெளியே இழுத்து, சுவிட்சைப் பூட்டி, பெடலை மெல்ல விட வேண்டும். சிலவற்றில் பெடலைத் தொடவே கூடாது. பெட்டியில் உள்ள தாளைப் படிக்காமல் தொடாதீர்கள்.

எல்லாம் முடிந்ததும், ஆள் இல்லாவிட்டால் ஒரு துடைப்பக்கட்டையை சீட்டுக்கும் பெடலுக்கும் நடுவே முட்டுக் கொடுங்கள். உச்சி வெயிலில் வண்டிக்குப் பின்னால் இருபது அடி தள்ளி நின்று, முதலில் பார்க் லைட் அணைத்தும், அடுத்து போட்டும், அப்புறம் இண்டிகேட்டரோடும், டிக்கியைத் திறந்து மூடியும் மூன்று விளக்கையும் பாருங்கள். கட்டையை எடுத்ததும் மூன்றும் உடனே அணைய வேண்டும்.